உறைபனி, மூன்று பெரிய நாய்கள், இரண்டே கைகள்!

காலை மணி ஆறேகால். ஊட்டியை அடுத்த லவ்டேல் பக்கம் ஒரு வீட்டில் சமையலறை விளக்கு மட்டும் எரிகிறது. வாசல் புல்தரை உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. ராத்திரி எடுத்துவைக்க மறந்த தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கண்ணாடிபோல ஒரு படலம். கதவுக்கு உள்பக்கம் மூன்று பெரிய நாய்கள். இரண்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று படுத்தபடியே யோசித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. வயது 61. கணவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். நாய்களை வாக்கிங் கூட்டிப்போவது பல வருடங்களாக அவருடைய வேலைதான். போன ஆடி மாதம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் மூன்று கயிறுகளும் டீச்சர் கைக்கு வந்தன.

சீசர், 11 வயது ஜெர்மன் ஷெப்பர்டு. ராணி, 4 வயது லேப்ரடார். முத்து, 3 வயது ராஜபாளையம். மூன்றையும் சேர்த்து எடை போட்டால் 90 கிலோவைத் தாண்டும். டீச்சரின் எடை 56 கிலோ.

மார்கழியில் ஒரு சறுக்கல்

மார்கழி பிறந்த முதல் வாரம் அது நடந்தது. மூன்று கயிறுகளையும் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார் டீச்சர். வளைவில் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. ராணி குரைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். முத்து ஒரு பக்கம் இழுத்தான். பனி ஈரத்தில் வழுவழுத்துக் கிடந்த கல்லில் டீச்சரின் கால் சறுக்கியது. நல்லவேளையாக காட்டுமாடு தானாகவே தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. டீச்சருக்கு மணிக்கட்டு பிசகியது.

அன்று மாலையே சென்னையிலிருந்து மகன் போன் செய்தார். "அம்மா, ஒண்ணு ரெண்ட யாருக்காவது குடுத்துடுங்கம்மா. உங்களால முடியாது."

யாரைக் கொடுப்பது? அன்று ராத்திரி கணவனும் மனைவியும் பேசியது இதைத்தான். 11 வயது சீசரை யார் வாங்கிக்கொள்வார்கள்? முத்துவுக்குக் காது கேட்காது. அவனையும் யாரும் கேட்கப் போவதில்லை. ராணியைக் கேட்டால் பத்து பேர் வருவார்கள். ஆனால், ராணிதான் முத்துவுக்குக் காது. கேட்டில் ஆள் வந்தால் ராணி தலை தூக்குவாள், அதைப் பார்த்துத்தான் முத்து எழுவான்.

மூன்றையும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. மாற வேண்டியது வாக்கிங்தான்.

பனி ஒன்று, உடம்பு மூன்று

பெரிய நாய் என்றால் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உடம்பின் அளவைவிட ரோமம்தான் இதில் பெரிய விஷயம். ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார் இரண்டுக்கும் மேல் ரோமத்துக்கு அடியில் பஞ்சுபோல இன்னொரு அடுக்கு உண்டு. உடம்புச் சூட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ராணிக்கு ஸ்வெட்டர் தேவையில்லை.

முத்துவின் கதை வேறு. ராஜபாளையம், விருதுநகர் மாவட்டத்து வெயிலில் வளர்ந்த இனம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. மெல்லிய குட்டை ரோமம், ஒட்டிய வயிறு. சமவெளியில் சூட்டைத் தணிக்க உதவும் இதே உடம்பு, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நடுங்கும். அதனால் முத்துவுக்கு மட்டும் ஸ்வெட்டர். டீச்சரின் பழைய கம்பளிச் சால்வையை வெட்டித் தைத்தது. நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். ஈரத் துணி உடம்பில் இருப்பது, துணியே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை அதிகம் காணப்படுகிறது. முத்துவும் அப்படித்தான். பனிமூட்டத்தில் அவன் நாலடி தள்ளிப் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. வெளியே வந்தால் அவன் கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

சீசருக்கு ரோமம் அடர்த்திதான். அவனுக்குப் பிரச்னை மூட்டு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் சகஜம். ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகப் படுத்திருந்துவிட்டு எழும்போது, பின்னங்கால்கள் மரக்கட்டைபோல விறைத்துக்கொள்ளும். நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் இளகும்.

கடிகாரத்தை விட்டு வெயிலைப் பார்

முன்பெல்லாம் ஆறரைக்கு வாக்கிங். இப்போது எட்டு மணி. எதிர்மலைச் சரிவில் வெயில் இறங்கி, வீட்டுக் கேட்டைத் தொட்ட பிறகுதான் கதவு திறக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது பனி. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் உறைபனி அதிகம். நடக்கும் பாதையையும் டீச்சர் மாற்றிவிட்டார். ஓடைப் பக்கம் இறங்கும் பழைய வழி வேண்டாம், வெயில் முதலில் படும் மேட்டு ரோடே போதும்.

இரண்டாவது காரணம் சிறுத்தை. நீலகிரியில் குடியிருப்புப் பக்கம் வரும் சிறுத்தைகளுக்கு நாய் சுலபமான இரை. இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும்தான் ஆபத்து அதிகம். வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஓடித் தப்பிக்க வழியில்லை. இந்த வீட்டில் அந்தி சாய்ந்தால் மூன்றும் உள்ளேதான்.

காட்டுமாடு கண்ணில் பட்டால் இப்போது ஒரே விதிதான். குரைக்கவிடாமல் நாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். தூரத்தில் நின்று போன் எடுத்துப் படம் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது.

ஏறின கியரிலேயே இறங்கு!

மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப்போவது நின்றுவிட்டது. ராணியும் முத்துவும் டீச்சரோடு, ஆளுக்கொரு கையில். கயிற்றை மணிக்கட்டில் சுற்றும் பழக்கத்தையும் டீச்சர் விட்டுவிட்டார். சுற்றியிருந்தால் நாய் பாயும்போது கை விடுபடாது, விரலோ மணிக்கட்டோ முறியலாம். கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்கிறார். இழுக்கும் குணமுள்ள ராணிக்குக் கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னெஸ். அதன் கொக்கி நெஞ்சுப் பக்கம் இருப்பதால், அவள் இழுத்தால் அவளே பக்கவாட்டில் திரும்பிவிடுவாள்.

கிளம்பும்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கணவர் குரல் கொடுப்பார். "ஏம்மா, இறக்கத்துல மெதுவா. ஏறின கியர்லயே இறங்கணும்!"

"சரிங்க டிரைவர் சார்" என்று டீச்சரும் பதில் சொல்வார்.

திரும்பி வந்ததும் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. பழைய துண்டால் முதலில் வயிறு, பிறகு கால்கள், கடைசியில் விரல் இடுக்குகள். புல்லில் நடந்த நாய்க்கு அதிகம் நனைவது அடிவயிறுதான். நாயின் பாதத்தில் சூடான ரத்தம் இறங்கும் குழாயும், குளிர்ந்த ரத்தம் ஏறும் குழாயும் ஒட்டி ஒட்டி அமைந்திருக்கின்றன. இறங்கும் சூடு ஏறும் ரத்தத்துக்குக் கைமாறுவதால், வெறுங்காலோடு பனியில் நடந்தாலும் உடம்பின் சூடு பாதம் வழியாக வீணாவதில்லை. அதற்காக ஈரத்தை அப்படியே விட்டால் விரல் இடுக்கு வெடித்துப் புண்ணாகும்.

சாப்பாடு உடனே கிடையாது. மூச்சு அடங்கி அரை மணி நேரமாவது ஆக வேண்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால், நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும் நிலை. அதனால் ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் இங்கே சாப்பாடு. குளிரில் நாய்கள் தண்ணீர் குடிப்பது குறையும் என்பதால், கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். முத்துவுக்கு ஒரு கை சோறு கூடுதல், ராணிக்குக் கூடுதல் கிடையாது. நடை குறைந்த குளிர்காலத்தில் லேப்ரடாருக்கு எடை ஏறுவதற்கு ஒரு மாதம் போதும்.

பாதி மாத்திரை

சீசரின் பின்னங்கால் வலி ஜனவரியில் அதிகமானது. ஒருநாள் காலை இரண்டு முறை முயன்றும் அவனால் எழ முடியவில்லை. கணவரின் மருந்து டப்பாவில் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரை மிச்சம் இருந்தது. "இதுல பாதி அவனுக்குக் குடுத்தா என்ன?" என்று அவர் எடுத்துவிட்டார். டீச்சர் தடுத்து, முதலில் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

தடுத்தது நல்லதாகப் போயிற்று. மனிதர்கள் சாப்பிடும் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் விஷம்தான். நாய்க்கென்று தனி மருந்து இருக்கிறது. அதை எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும்.

டாக்டர் மருந்தோடு வேறு சில மாற்றங்களையும் சொன்னார். சிமென்ட் தரையில் படுக்க வைக்கக் கூடாது. மரப்பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் தடித்த கம்பளி. அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. மூடிய அறையில் கரிப்புகை மனிதரையும் நாயையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கடைசியாக, சீசர் நடப்பதை நிறுத்திவிடக் கூடாது. ஒரே நீண்ட நடைக்குப் பதில், சமதரையில் ஐந்து பத்து நிமிடமாக இரண்டு மூன்று முறை.

கேட்டுக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். கால் ஆபரேஷன் செய்த டாக்டர் அவருக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு

சென்னையிலோ மதுரையிலோ உறைபனி கிடையாது. ஆனாலும் மார்கழி, தை மாதக் காலைகளில் வயதான பெரிய நாய்களுக்கு மூட்டு விறைப்பது அங்கேயும் உண்டு. தரையில் படுக்கவிடாமல் பலகையும் கம்பளியும் போடுவது, காலையில் குளிப்பாட்டாமல் மதிய வெயிலில் குளிப்பாட்டி ஈரம் போகத் துடைப்பது, எழுந்ததும் ஓடவிடாமல் நாலு எட்டு மெதுவாக நடக்கவிடுவது ஆகிய மூன்றும் எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒன்றுக்கு மேல் பெரிய நாய்கள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாய்க்கு வசதியாக இருந்தாலும் உங்கள் இடுப்பும் மணிக்கட்டும் தாங்க வேண்டுமே!

எட்டே முக்கால் மணி நடை

டீச்சர் ராணியையும் முத்துவையும் துடைத்து முடிக்கும்போது மணி எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. அப்போதுதான் இந்த வீட்டின் இரண்டாவது நடை தொடங்கும். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் தளர்வான கயிறு. கணவரும் சீசரும் கேட்டைத் தாண்டிப் பால் கடை வரை போகிறார்கள். போக நூறு அடி, வர நூறு அடி. வழியில் ஒரு கல் திண்ணை. அங்கே இருவரும் வெயிலில் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு 11 வயது என்பது முதுமை. அடுத்த பனியைச் சீசர் பார்ப்பானா என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. மகன் போன் செய்து "என்னம்மா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டபோது, டீச்சர் ஜன்னலைத் திறந்து போனை வெளியே திருப்பிக் காட்டினார். திண்ணையில் அப்பா. காலடியில் சீசர், முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தான்.

மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அம்மா, சீசருக்கு அந்தக் கம்பளி போதுமா? இன்னொண்ணு அனுப்பட்டுமா?"