வளையலும் ஒலிவாங்கியும்



சென்ற மாதம் ஒரு மாலை நேரம். முன்பு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் இல்லம் தேடி வந்தான். நல்ல குரல்வளம் வாய்த்த பிள்ளை. வீட்டிலேயே சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, தன் பாடல்களைத் தானே பதிவு செய்து வெளியிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்கான பொருள்களின் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. மொத்தத் தொகை ஒன்றரை இலட்சம் ரூபாய்.

"இவன் உம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஹஜரத்" என்றார் தந்தை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பாடங்களைப் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பி வந்ததால் இத்துறையில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. ஆயினும் இதன் முதற்பாடத்தை அதற்கு வெகுகாலம் முன்பே ஓர் இழப்பின் மூலம் கற்றிருந்தேன்.

நான் கல்லூரியில் பயின்ற நாட்களில், என் உம்மா பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்ய விரும்பி, நண்பரிடம் இரவலாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தேன். தரமான கருவிதான். உம்மா கூச்சத்துடன் அரைமணி நேரம் பாடினார்கள். அவர்கள் மறைந்தபின் அந்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டேன். தலைக்குமேல் சுழன்ற மின்விசிறியின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. தெருவில் சென்ற வியாபாரியின் கூவலும் கேட்டது. உம்மாவின் குரல் மட்டும் எங்கோ தொலைவில் ஒலித்தது. இன்றைய மென்பொருளைக் கொண்டு இரைச்சலைக் குறைத்துப் பார்த்தேன். இரைச்சலுடன் குரலின் உயிரும் சேர்ந்து குறைந்தது. கருவியில் குறையில்லை, அறையைக் கவனியாததே என் குறை.

ஆகவே, வீட்டில் ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் கடைக்குச் செல்லுமுன் தம் வீட்டு அறைகளைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வோர் அறையிலும் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். வெறுஞ்சுவரும் தரையும் உள்ள அறையில் அவ்வோசை அதிர்ந்து மீளும். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 343 மீட்டர் செல்வது. மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டு அது திரும்ப ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே ஆகும். அந்த மறுஒலி குரலோடு கலந்து, பாடுபவர் கிணற்றுக்குள் நிற்பது போன்ற தோற்றத்தைத் தரும்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. துணிகள் நிறைந்த திறந்த அலமாரி, சுவரோரம் நிறுத்திய பஞ்சு மெத்தை, கனத்த போர்வைகள், தரையில் ஜமுக்காளம் ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவோர் உண்டு. அவை வெளி இரைச்சலைத் தடுக்கமாட்டா. எளிதில் தீப்பற்றவும் கூடும். தெருவோசையை மெத்தையும் தடுக்காது. ஊர் அடங்கிய பின்னிரவைத் தேர்ந்துகொள்வதே அதற்கு வழி. பதிவின்போது மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வருவது கருவிகள். கணினி முன்பே இருக்குமானால், தொடக்கநிலைக் கருவிகளை 20,000 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். முதலாவது, ஒலிவாங்கி. கன்டென்சர் வகை நுண்ணொலிகளையும் வாங்கிக்கொள்ளும். அறையின் குறைகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். அமைதி குறைந்த வீடுகளுக்கு டைனமிக் வகையே ஏற்றது. இரண்டாவது, ஒலிவாங்கியைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒருவர் பாடுவதற்கு ஒரு மைக் இணைப்பு உள்ள சிறிய பெட்டி போதும். மூன்றாவது, காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன். நான்காவது, ஆடாமல் நிற்கும் தாங்கியும் வடமும். ஆடாசிட்டி என்னும் மென்பொருளுக்கு விலையே இல்லை. தொடக்கப் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும்.

பதிவு செய்கையில் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை இடைவெளி இருக்கட்டும். தொலைவு பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே நிற்கும். 'ப' என்னும் எழுத்தில் காற்று மோதாதிருக்க ஒலிவாங்கியைச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். ஒலியளவின் உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மெல்லப் பதிந்த குரலைப் பின்னர் உயர்த்தலாம். அளவு மீறிச் சிதைந்த குரலைச் செம்மையாக மீட்பது அரிது. பதிந்தவற்றை இரண்டு பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் பாதுகாத்திடுங்கள்.

"இவ்வளவு எளிய கருவிகளில் உலகத்தரம் வருமா?" என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட கேசட் கருவியொன்றில் சில பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரியாகத்தான் அதனைப் பதிந்தார். பிறகு பெரிய கூடத்தில் முழுக்குழுவுடன் அவற்றைப் பதிந்து பார்த்தபோது, கேசட்டில் இருந்த உணர்வு அதில் அமையவில்லை. முடிவில் அந்த வீட்டுப் பதிவே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக அவ்வாண்டே வெளிவந்தது. அவர் அதற்கு முன்பே தேர்ந்த கலைஞர் என்பதை மறக்கக்கூடாது. கருவி எவரையும் கலைஞராக்குவதில்லை. உள்ள கலையைக் கெடுக்காமல் ஏந்திக்கொள்வதே அதன் பணி.

"வளையல்கள் இருக்கட்டும். முதலில் ஒரு வாரம், மெத்தைகளுக்கு நடுவே அமர்ந்து உன் கைப்பேசியிலேயே பாடிப் பதிவு செய்துவா" என்று சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் வந்தான். முதல்நாள் பதிவையும் ஏழாம்நாள் பதிவையும் கேட்கச் செய்தான். அதே கைப்பேசி, அதே குரல். ஆயினும் இரண்டிற்கும் இடையே பெரும் வேறுபாடு. பட்டியலில் இருந்த பதினொரு பொருள்களில் ஏழினை அவனே அடித்துவிட்டிருந்தான். மீதி நான்கினையும் தன் சம்பாத்தியத்தில் ஒவ்வொன்றாக வாங்கப் போகிறானாம்.

வாசகர்களே! உங்கள் பிள்ளைகளில் எவரேனும் இம்முயற்சியில் இறங்கினால் தடுக்காதீர்கள், கடனும் வாங்காதீர்கள். முதற்பதிவாக வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரைப் பாடவோ பேசவோ சொல்லிப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் மறவாமல் மின்விசிறியை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.