சிந்திய ரத்தம் குப்பைக்கா?

கோரிப்பாளையத்தில் பனகல் சாலையில் இருக்கிறது அரசு ராஜாஜி மருத்துவமனை. பழைய மதுரைக்காரர்களுக்கு இன்னமும் அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். சுற்று மாவட்டங்களில் விபத்தில் அடிபட்டவர்கள் பலர் கடைசியில் வந்து சேரும் இடம். இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் செல் சேவர் என்ற மெஷின் முதலில் தேவை.

மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் தேங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அந்த ரத்தத்தை சக்‌ஷன் குழாய் உறிஞ்சி ஜாடியில் விடும், ஜாடி கழிவுக்குப் போகும். வெளியே சொந்தக்காரர்கள் அதே குரூப் ரத்தம் தேடி ஊரெல்லாம் போன் போடுவார்கள். வேடிக்கையாக இல்லை?

அவர் ரத்தத்தையே அவருக்குத் திருப்பித் தரும் யோசனை புதிதல்ல. எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற சர்ஜன் 1885-லேயே, கால் எடுக்கும் ஆபரேஷனில் வழிந்த ரத்தத்தைப் பிடித்து நோயாளிக்கே ஏற்றினார். அப்படியானால் ஜாடியில் இருப்பதை வடிகட்டி ஏற்றினால் போதாதா?

போதாது. விஷயமே இங்கேதான் இருக்கிறது. கத்தி பட்டதும் உடம்பு அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. சிதைந்த திசுவிலிருந்து சமிக்ஞைகள் கிளம்பி, வெள்ளையணுக்கள் விழித்து, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள் ஏறுகின்றன. (ஆபரேஷனுக்கு மறுநாள் வரும் லேசான காய்ச்சல் பல சமயம் இதனால்தான், கிருமியால் அல்ல.) காயத்தில் தேங்கிய ரத்தம் இந்த அழற்சிப் பொருட்களில் ஊறிய ரத்தம். உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின், கொழுப்புத் துளிகள், கட்டித் துணுக்குகள் எல்லாம் அதில் உண்டு. கழுவாமல் ஏற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட கதைதான்.

செல் சேவர் செய்வது கிட்டத்தட்ட துணி துவைக்கும் வேலை. உறிஞ்சும்போதே ஹெப்பாரின் கலந்து உறையாமல் தடுத்து, வடிகட்டி, சுழற்றி, சலைனில் அலசி, சிவப்பணுக்களை மட்டும் பையில் தருகிறது. அழற்சிப் பொருட்களில் பெரும்பகுதி அலசிய நீரோடு போய்விடும். பிளேட்லெட்டும் உறைகாரணிகளும் கூடவே போய்விடும் என்பது உண்மை. ரத்தப்போக்கு அதிகமென்றால் அவற்றைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். குடல் கிழிந்து மலம் கலந்திருந்தால் பொதுவாக இந்த வழியையே தவிர்ப்பார்கள்.

2018-ல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது நாட்டையே உலுக்கியது. அவருக்கு ரத்தம் தேவைப்பட்டது ரத்தசோகைக்காக, அங்கே செல் சேவர் உதவியிருக்காது. ஆனால் அடுத்தவர் ரத்தம் எப்போதும் கொஞ்சம் ஆபத்தோடுதான் வருகிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. அறுவை அரங்கில் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்கலாமே!

"செலவு அதிகம்" என்பார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் புது செட் பிரிக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சேகரிக்கும் பாத்திரத்தையும் குழாயையும் மட்டும் முதலில் மாட்டி வைக்கலாம். போதுமான ரத்தம் சேர்ந்தால் மட்டும் கழுவும் கிண்ணத்தைப் பிரித்தால் செலவு பாதி அடங்கிவிடும். மெஷின் வாங்குவதோடு விட்டால் அது மூலையில் தூசி படியும். டெண்டர் போடும்போதே ராத்திரி ஷிப்டுக்கும் சேர்த்து டெக்னீஷியன் பணியிடங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.