சென்னையில் வீடு வாங்கும் நம் மாவட்டத்தார்: மலிவான பகுதி ஏன் மலிவாக இருக்கிறது?

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என நம் மாவட்டத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர் முதலில் ஊரில் வீடு கட்டுகிறார். அடுத்து, பிள்ளைகளின் கல்லூரி, பெற்றோரின் மருத்துவம், விமான நிலையத்துக்கு அருகாமை என்று காரணங்கள் சேர்ந்து சென்னையில் ஒரு வீடு வேண்டும் என்ற பேச்சு வருகிறது. எங்கே வாங்குவது என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, புதுப்பேட்டை. பள்ளிவாசல் பக்கத்தில், மதரஸா நடந்து போகும் தூரத்தில், ஊர்க்காரர்கள் நாலு பேர் அதே தெருவில். இந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் கார் நுழையாத சந்தில் உள்ள பழைய அடுக்ககத்துக்கும், பிரிபடாத பாகமாகக் கிடைக்கும் சொற்ப நிலத்துக்கும் சொல்லப்படும் விலையைக் கேட்டவர்கள் பலர் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடும் நமக்கு இருக்கிறது. வங்கியில் இருபது ஆண்டுக் கடன் வாங்குபவர் விலை பத்து லட்சம் கூடினால் மாதத் தவணையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். வட்டியைத் தவிர்க்க நினைப்பவரிடம் இருப்பது கையிருப்பும், வீட்டுப் பெண்களின் நகையும், சகோதரர்கள் தரும் கைமாற்றும்தான். அந்தத் தொகை நீளாது. ஆகவே, இன்னும் பலர் கண்ணில் படாத பகுதிகளைத் தேடுவது நமக்கு ஆசையல்ல, தேவை. அதே காரணத்தால், தவறான இடத்தில் பணம் முடங்கினால் இழப்பும் நமக்கே அதிகம்.

ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுக் கிடப்பதற்கான காரணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். தூரம், பேருந்து வசதியின்மை, கெட்ட பெயர் ஆகியவை காலத்தால் மாறக்கூடியவை. தண்ணீர் தேங்கும் பள்ளம், குப்பைக் கிடங்கு, ஆலைக் கழிவு, பத்திரச் சிக்கல் ஆகியவை வாங்குபவரால் மாற்ற முடியாதவை. முதல் வகைதான் வாய்ப்பு. தரகர் இரண்டாவது வகையையும் முதல் வகை போலவே காட்டுவார்.

முதல் வகைக்கு வடசென்னை நல்ல உதாரணம். 'அந்தப் பக்கமா?' என்று முகம் சுளித்தவர்கள் அதிகம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்டது. இன்று விமான நிலையத்தில் ஏறினால் மண்ணடி, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒரே ரயிலில் போய் இறங்கலாம். மண்ணடியில் கடை வைத்திருப்பவருக்கும், துபாய் விமானத்தில் வந்து இறங்குபவருக்கும் இது சாதாரண வசதியல்ல. ரயில் வந்துவிட்டது, கெட்ட பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. இந்த இடைவெளியில்தான் நியாயமான விலை கிடைக்கும். ஆனால் இன்னும் வடக்கே எண்ணூர், மணலி என்று போகும்போது கணக்கு மாறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது; அதே மாதக் கடைசியில் அமோனியா வாயுக் கசிவு ஏற்பட்டு மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அங்கே விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் மக்களின் அறியாமையல்ல.

தெற்கே கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, திண்டிவனம் வழியாக ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு நகரின் வாசலே இடம் மாறிவிட்டது. கோயம்பேட்டை ஒட்டி வீடு பார்த்தவர்கள் இப்போது வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று பார்க்கிறார்கள். செங்கல்பட்டு வரை மின்சார ரயில் உண்டு. ஊரில் ஒரு மையத்து என்றால் நடுராத்திரியிலும் பஸ் பிடித்துவிடலாம். இதெல்லாம் உண்மையான அனுகூலம். 'மெட்ரோ வரப்போகிறது' என்று மனை விளம்பரத்தில் போடுவதை மட்டும் இதோடு சேர்க்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்பது திட்டம். திட்டத்துக்கு விலை கொடுப்பதும் ஓடுகிற ரயிலுக்கு விலை கொடுப்பதும் ஒன்றல்ல.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முதல் மாடி வரை தண்ணீர் ஏறி, படகில் மக்களை மீட்ட பகுதிகள் இவை. தாம்பரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் தனி வீடு இந்த விலைக்கா என்று வியந்து வாங்கியவர்களுக்கு விடை அந்த ஒரு வாரத்தில் கிடைத்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் அப்படித்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைச் சுற்றிய கட்டுமானங்கள் இன்னும் வழக்கிலும் கேள்வியிலும் இருக்கின்றன.

இங்கே நம் சகோதரர்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலை, ஆகஸ்ட். குடும்பத்தோடு ஊருக்கு வருவது அப்போதுதான். வீடு பார்ப்பதும் அப்போதுதான். சென்னைக்குப் பெருமழை வருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலை மாதத்தில் முடிச்சூரும் காய்ந்துதான் கிடக்கும். முன்பணம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், முதல் மழையைப் பார்ப்பது வாட்ஸ்அப் வீடியோவில்தான். ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ நவம்பரில், கனமழை பெய்த மறுநாள், ஒருமுறை அந்தத் தெருவுக்கு அனுப்பினால் போதும். சுற்றுச்சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பக்கத்து வீடுகள் எல்லாம் ஏன் இடுப்பளவு மேடேற்றிக் கட்டப்பட்டிருக்கின்றன, தெருமுனை டீக்கடைக்காரர் 2015-ஐயும் 2023-ஐயும் பற்றி என்ன சொல்கிறார் என்பவை எந்த வரைபடத்தைவிடவும் தெளிவாகப் பேசும். ஏரி, தாங்கல் என்று முடியும் ஊர்ப் பெயர் சும்மா வந்ததல்ல.

பத்திர விஷயத்தில் நீளமாகச் சொல்ல அவசியமில்லை. தெரிந்த வழக்கறிஞர் பார்ப்பார். மூன்றை மட்டும் விடக்கூடாது. அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு 2016 அக்டோபர் 20 எல்லைக்கோடு; அதற்கு முந்தையவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இல்லாத மனையை, பஞ்சாயத்து அங்கீகாரம் என்ற பேச்சை நம்பி வாங்கக் கூடாது. இரண்டாவது, தாய்ப்பத்திரத்திலும் பழைய வருவாய்ப் பதிவேட்டிலும் அது வக்ஃபு நிலமா என்று பார்ப்பது. பதிவில் தடை வரும் என்பதற்காக மட்டுமல்ல, நாம் வாங்கக் கூடாத நிலம் என்பதற்காகவும். மூன்றாவது, சொன்ன விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆகும். கையிருப்பை மட்டும் நம்பி வாங்குபவர் 50 லட்சம் வைத்திருந்தால் அவர் பார்க்க வேண்டிய வீடு 50 லட்ச ரூபாய் வீடு அல்ல.

விரிவாக்கப் பகுதிகளில் பள்ளிவாசல் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மையவாடி எங்கே என்று கேட்பவர் குறைவு. தொழுகைக்கு வாடகைக் கட்டடத்தில்கூட இடம் பிடித்துவிடலாம். அடக்கத்துக்கு அப்படி முடியாது. எந்த ஜமாஅத்தில் சேர்வது, அவர்கள் வெளியூர்க்காரரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதை வாங்கும் முன்பே நேரில் போய்ப் பேசிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் தண்ணீரைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலில் சேரும் மாவட்டம் இது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிடப்பட்டபோது கடலூரில் பெண்ணையாற்றங்கரை நகர்கள் என்னவாயின என்று பார்த்தோம். கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் ஓரத்து மனை ஏன் மலிவு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; 2025 மே மாதம் குடிகாட்டில் ஆலைக் கழிவுநீர்த் தொட்டி வெடித்துக் குடியிருப்புக்குள் பாய்ந்ததும் தெரியும். சொந்த ஊரில் இத்தனை விசாரிப்பவர், சென்னை என்றதும் தரகர் அனுப்பும் நாலு புகைப்படத்தில் திருப்தி அடைகிறார்.

இதில் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் நாலு வருடக் கல்லூரிக்காக மட்டும் சென்னையில் வீடு என்றால், வாடகைக்கு இருந்துவிட்டு அந்தப் பணத்தை ஊர்ப்பக்கம் போடுவது பலருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பூண்டியாங்குப்பம் முதல் சட்டநாதபுரம் வரை 57 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. கடலூருக்குத் தெற்கே தொடங்கி சிதம்பரத்தைத் தாண்டிச் செல்லும் இந்தச் சாலையை ஒட்டிய மனைகளுக்கு விளம்பரப் பலகைகள் முளைக்கும். அங்கேயும் நவம்பரில் போய்ப் பாருங்கள்.