தொகுக்கும் நேரமும் நேரம்தான்

நிரல்தொகுப்பிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும்: புதிய உத்தியால் நிரல் எத்தனை விழுக்காடு வேகமாக ஓடியது என்பது. அதே உத்தியால் தொகுக்கும் நேரம் எவ்வளவு கூடியது என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். சில கட்டுரைகளில் அவ்வரியும் இராது. விரைவாகத் தொகுப்பது குறித்து நான் எழுதிய கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர், விளையும் நிரல் மெதுவாக ஓடுகிறதே, இதில் பங்களிப்பு என்ன என்று கேட்டிருந்தார். அந்த வருத்தமும் இப்பதிவுக்கு ஒரு காரணம், மறைக்கவில்லை.

நிக்லாவுஸ் விர்த் கடைப்பிடித்த அளவுகோல் வேறு. தொகுப்பியைக் கொண்டு அத்தொகுப்பியையே தொகுக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் உகப்பாக்கம் தொகுப்பியின் பருமனைக் கூட்டும். தொகுக்கும் வேலையும் கூடும். அதே உகப்பாக்கம் தொகுப்பியையும் வேகமாக ஓடச் செய்யும். இரண்டையும் கூட்டிக் கழித்த பின் தன்னைத்தானே தொகுத்துக்கொள்ளும் நேரம் குறைந்திருந்தால்தான் அதற்கு உள்ளே இடம். செலவையும் வரவையும் ஒரே அலகில் அளக்கும் இத்தகைய கணக்கு நம் துறையில் அரிது.

1983இல் வந்த டர்போ பாஸ்கலில் திருத்தியும் தொகுப்பியும் ஒரே கோப்பில், 40 கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தில் அடங்கின. ஒரே முறை வாசித்து நினைவகத்திலேயே இயந்திரமொழியை எழுதியது. பிழை கண்டால் அவ்விடத்திலேயே சுட்டியை நிறுத்தியது. அதன் பெயர்வரிசையில் வந்த டர்போ சி நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் நீடித்ததைக் கேலி செய்வோர் உண்டு. காலாவதியான மொழித்தரத்தைக் கற்பித்தது என்ற அளவில் கேலி நியாயமே. ஆயினும் ஒரு மாணவி எழுதி, தவறி, திருத்தி, மீண்டும் ஓட்டும் சுற்று அறுபடாமல் இருந்தது.

ஃபாப்ரிஸ் பெல்லார்டின் டைனி சி தொகுப்பி இவ்வழியின் தெளிந்த எடுத்துக்காட்டு. தொடரமைப்பு மரம் எதையும் கட்டாமல், மூலநிரலை வாசிக்கும்போதே இயந்திரமொழியை உமிழ்கிறது. ஒரு கூற்றில் பதிவகத்தில் வைத்த மதிப்பை அடுத்த கூற்றுக்குக் கொண்டுசெல்வதில்லை. விளையும் நிரல் மந்தமானதுதான். ஆனால் 2004இல் அவர் இதைக் கொண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கணினியில், லினக்ஸ் கெர்னலை மூலநிரலிலிருந்தே 15 நொடிக்குள் தொகுத்து இயக்கிக் காட்டினார்.

இது பழங்கதை அன்று. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அம்ப்ரா தரவுத்தளம், வினவலை இயந்திரமொழியாக மாற்றத் தானே ஒரு விரைவுத் தொகுப்பியை வைத்திருக்கிறது. சில மில்லிநொடியில் முடியும் வினவலுக்கு எல்எல்விஎம் எடுத்துக்கொள்ளும் நேரம் கட்டுப்படியாகாது. 2018இல் குரோமின் வி8 இயந்திரம் வெப்அசெம்பிளிக்காக லிஃப்ட்ஆஃப் என்ற ஒற்றைச்சுற்றுத் தொகுப்பியைச் சேர்த்ததும் இதே காரணத்தால்: பக்கம் உடனே ஓடத் தொடங்கட்டும், சூடான பகுதிகளைப் பின்னர் மெருகேற்றலாம்.

வானிலை மாதிரியை வாரக்கணக்கில் ஓட்டுபவர் என்னை மறுப்பார். அவருக்கு ஒருமுறை மணிக்கணக்கில் தொகுத்தாலும் இலாபமே. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஆய்வகத்தில் நாள் முழுதும் நாம் தொகுக்கும் நிரல்களுள் பெரும்பாலானவை ஒருமுறை ஓடி, பிழை காட்டி, மறைந்துபோகின்றன. அவற்றுக்கும் வானிலை மாதிரிக்கும் ஒரே அளவுகோலா? கணினிகளின் திறன் 18 மாதங்களில் இரட்டிக்க, தொகுப்பி உகப்பாக்கத்தால் வரும் ஆதாயம் இரட்டிக்க 18 ஆண்டுகள் ஆகும் என்று டாட் பிராப்ஸ்டிங் 1998இல் பாதி விளையாட்டாகச் சொன்னார். மீதிப் பாதியை நாம் இன்னும் பேசவில்லை.

தொகுப்பித் துறையில் ஆய்வேடு எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடிவு அட்டவணையில் தொகுக்க ஆன நேரத்துக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள், எண் உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். மதிப்பீட்டாளராக அமர்பவர்கள் அந்த நெடுவரிசை எங்கே என்று கேளுங்கள்.