குழாய் திறந்தால் போதுமா?

இருதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், சில நாட்களில் வீடு திரும்பினார் என்னும் பேச்சு இன்று நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தினால், கழுத்திலோ மூளையிலோ இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில், அங்கும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். டாக்டர் மாத்திரைகளை மட்டும் எழுதிக் கொடுத்தாலோ, பெரிய வைத்தியம் இருக்கச் சிறிய வைத்தியம் செய்து அனுப்பிவிட்டாரே என்று மனம் குமைகிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

இப்பகுதியை எழுதுபவன் வைத்தியனல்லன். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆகையால் எவருக்கும் மருந்து சொல்ல முன்வரவில்லை. ஆயினும், இவ்விஷயத்தில் பெரிய ஆராய்ச்சிகள் பல நடந்து, அவற்றின் முடிவுகள் எண்களாக வெளிவந்திருக்கின்றன. வரவையும் செலவையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண்கள் நன்றாகவே பேசுகின்றன.

மூளைக்குச் செல்லும் வழிகள்

மூளையின் எடை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இதற்கு வேண்டிய இரத்தம் நான்கு குழாய்களின் வழியே மேலேறுகிறது. கழுத்தின் முன்பக்கம் வலத்திலும் இடத்திலும் உள்ளவை கரோட்டிட் குழாய்கள்; பின்பக்கம் கழுத்தெலும்பை ஊடுருவிச் செல்பவை வெர்ட்டிபிரல் குழாய்கள். இவை மண்டைக்குள் சென்று ஒரு வளையமாகக் கூடுகின்றன. 1664-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர் அதை விளக்கி எழுதியமையால் அதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். பிரதானப் பாதையில் தடை நேர்ந்தால் லூப் லைன் வழியே வண்டியை அனுப்புவது போல, ஒரு குழாய் குறுகினால் மற்றொன்றின் வழியே இரத்தம் வந்து சேர இவ்வளையம் உதவும். ஆனால் எல்லோருக்கும் இது முழுமையாக அமைந்திருப்பதில்லை.

இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் குழாயின் உட்சுவரில் படிவு வளர்கிறது. அதனால் விளையும் கேடு இருவகைப்படும். ஒன்று, வழி குறுகி இரத்த ஓட்டம் குறைவது. மற்றொன்று, படிவின் மேற்பரப்பு வெடித்து, அதன்மீது இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி பெயர்ந்து மேலே சென்று சிறு கிளைகளை அடைப்பது. குழாயை விரிப்பது முதற்கேட்டை நீக்கலாம். இரண்டாவதைத் தடுக்க மருந்துதான் நாள்தோறும் காவல் நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எண்கள் எளிதில் விளங்கும்.

கழுத்துக் குழாயின் கணக்கு

1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் காலின் இரத்தக் குழாயை அறுக்காமல் உள்ளிருந்தே விரித்துக் காட்டினார். 1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் இருதயக் குழாயினுள் சிறு பலூனைச் செலுத்தி விரித்தார். பிறகு கழுத்துக்கும் அம்முறை வந்தது. அதற்கு முன்பே, 1950-களிலிருந்து, கழுத்தைத் திறந்து படிவை வழித்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை இருந்தது.

அவ்வறுவையின் பயனை ஐயமற நிறுவியது 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆராய்ச்சி. ஏற்கெனவே முன்னெச்சரிக்கைத் தாக்கோ சிறிய பக்கவாதமோ கண்டு, அதே பக்கத்துக் கழுத்துக் குழாய் 70 சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியிருந்தவர்களை அதில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு அப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான் வந்தது. ஆகவே அறிகுறி கண்டவருக்குக் கழுத்துக் குழாயைச் சீர்செய்வது உண்மையிலேயே உயிர்ப் பயன் தருவது. அதையும் காலம் தாழ்த்தாமல், கூடுமானால் இரண்டு வாரங்களுக்குள் செய்வதே மேல் என்பது மருத்துவர் கொள்கை.

அறுவையா, ஸ்டென்டா என்பது அடுத்த கேள்வி. 2010-ல் வெளியான கிரெஸ்ட் ஆராய்ச்சியில் 2,502 பேர் பங்குகொண்டார்கள். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் கண்டவர்கள் ஸ்டென்ட் வைத்தோரில் நூற்றுக்கு 4.1, அறுவை செய்தோரில் 2.3. மாரடைப்பிலோ கணக்கு மாறியது: ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3. மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆயினும், சுமார் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவையே ஏற்றது என்றும், அதற்குக் குறைந்தவர்களுக்கு ஸ்டென்ட் தாழ்ந்ததன்று என்றும் தெரிந்தது.

எந்த அறிகுறியும் இல்லாமல், பரிசோதனையில் மட்டும் சுருக்கம் தெரிந்தவர்களின் கதை வேறு. இவர்களைப் பற்றிய கிரெஸ்ட்-2 ஆராய்ச்சியின் முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. எல்லோருக்கும் தீவிர மருந்துச் சிகிச்சை தரப்பட்டது. நான்கு ஆண்டுகளில், மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேர் தாக்குற்றார்கள். மருந்தோடு ஸ்டென்டும் பெற்றவர்களில் 2.8 பேர். அறுவையை ஒப்பிட்ட பகுதியில் 5.3-க்கு 3.7; இந்த வேறுபாடு உறுதியென்று கொள்ளத்தக்கதாக இல்லை. ஸ்டென்டினால் நன்மை உண்டென்பது மெய். அதே சமயம், மருந்துப் பிரிவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் அவ்வகைத் தாக்கின்றி நான்கு ஆண்டுகளைக் கழித்தார்கள் என்பதும் மெய். அறிகுறியற்ற சுருக்கத்துக்காக இரவோடிரவாகக் கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை. நிதானித்து ஆலோசிக்க அவகாசம் உண்டு.

மண்டைக்குள்ளே கணக்கு வேறு

மண்டைக்குள் இருக்கும் குழாய்களின் சுருக்கம் வெள்ளையரைவிட நம் போன்ற ஆசிய மக்களிடையே அதிகம் காணப்படுவது. ஆகையால் இப்பகுதியை நம்மவர் ஊன்றிப் படித்தல் நலம்.

இக்குழாய்களுக்கென்றே செய்த விங்ஸ்பேன் என்னும் ஸ்டென்டுக்கு 2005-ல் அமெரிக்க அரசு வரையறையுடன் அனுமதி தந்தது. அது உண்மையில் உதவுகிறதா என்று அறிய சாம்ப்ரிஸ் என்னும் ஆராய்ச்சி தொடங்கியது. மூளைக் குழாய் 70 முதல் 99 சதவிகிதம் சுருங்கி, அண்மையில் தாக்குற்ற 451 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தீவிர மருந்துச் சிகிச்சை. மற்றதற்கு அதே மருந்தோடு ஸ்டென்டும். முதல் 30 நாட்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள், மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 5.8, ஸ்டென்ட் பிரிவில் 14.7. இதைக் கண்டு 2011 ஏப்ரலில் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் நிலைமை தலைகீழாகுமோ என்று மூன்று ஆண்டுகள் வரை பார்த்தார்கள். அப்போதும் மருந்தில் 14.9, ஸ்டென்டில் 23.9. முதல் மாதத்தில் பட்ட நஷ்டம் பின்னர் ஈடாகவேயில்லை. 2012-ல் அந்த ஸ்டென்டின் உபயோகத்தை அமெரிக்க அரசு மேலும் குறுக்கிவிட்டது.

காரணம் என்ன? மூளைக் குழாய்கள் மெல்லிய சுவருடையவை. சுற்றிலும் தாங்கும் தசையின்றி நீரில் கிடப்பவை. வளைவு நெளிவு மிக்கவை. அவற்றிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குச் செல்கின்றன. படிவை அழுத்தி விரிக்கும்போது அது நகர்ந்து அக்கிளைகளின் வாயை மூடிவிடலாம்; கம்பி குழாயைத் துளைத்துவிடலாம்; நெடுநாள் வறண்டிருந்த பகுதிக்குத் திடீரென்று இரத்தம் பாய்ந்து கசிவு ஏற்படலாம். படத்தில் குழாய் அழகாகத் திறந்திருக்கும். நோயாளியின் கையோ விளங்காமற் போயிருக்கும்.

அத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. சீனாவில் தேர்ந்த கைகளைக் கொண்டு, அண்மைத் தாக்கிலிருந்து மூன்று வாரங்களாவது கழிந்தவர்களை மட்டும் தெரிந்தெடுத்துச் செய்த ஆராய்ச்சி 2022-ல் வெளியாயிற்று. அங்கே ஸ்டென்டில் 8.0, மருந்தில் 7.2, அதாவது கேடு குறைந்தது, ஆனால் லாபமும் இல்லை. பிறகு 2024-ல், ஸ்டென்ட் வைக்காமல் சிறு பலூனால் மெதுவாக, முழு அளவுக்குக் குறைவாகவே விரித்த சீன ஆராய்ச்சியொன்று வந்தது. 501 பேரில், ஓராண்டளவில் பலூனும் மருந்தும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 4.4 பேர் மீண்டும் தாக்குக்கோ குழாயைத் திறக்கும் சிகிச்சைக்கோ உள்ளானார்கள்; மருந்து மட்டும் பெற்றவர்களில் 13.5 பேர். முதல் மாதத்தில் மட்டும் பலூன் பிரிவில் 3.2, மருந்தில் 1.6. நம்பிக்கையூட்டும் செய்திதான். எனினும் இதுவும் தேர்ந்த நிலையங்களில், தெரிந்தெடுத்த நோயாளிகளிடம் கண்ட பலன்.

மாத்திரை சிறிய வைத்தியமா?

சாம்ப்ரிஸில் மருந்துப் பிரிவு பெற்ற வெற்றிதான் எல்லோரையும் வியக்க வைத்தது. எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஓராண்டில் தாக்கு நேர்ந்தது. அவர்களுக்குக் கொடுத்தது அரிய மருந்தொன்றுமில்லை. ஆஸ்பிரின், முதல் 90 நாட்கள் அதனுடன் குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், மேல் இரத்த அழுத்தம் 140-க்குக் கீழ், நீரிழிவுள்ளவருக்கு 130-க்குக் கீழ், கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ். இவற்றோடு, உணவு, நடை, புகை நிறுத்தல் ஆகியவற்றை விடாது விசாரித்து ஊக்க ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவரை நியமித்திருந்தார்கள்.

அத்துணைவரின் வேலையை நம் வீட்டில் யார் செய்வது? தாய் தந்தையர் ஆறு மாதம் இங்கே மகன் வீட்டிலும், ஆறு மாதம் ஊரிலுமாக இருக்கிறார்கள். இங்கே எழுதிய சீட்டு அங்கே காணாமற் போகிறது. ஊர்ப் பயணத்தில் மாத்திரைப் பொட்டலம் பெட்டிக்கடியில் கிடக்க, மூன்று நாள் விட்டுப்போகிறது. இங்குள்ள டாக்டர் பேசும் பாஷை பெரியவருக்கு விளங்குவதில்லை; சரி என்று தலையை அசைத்துவிட்டு வருகிறார். மருந்துச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இவ்வாறுதான். ஆகவே மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பெரியவரின் பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பயணத்துக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்து மருந்து கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரும், டாக்டரைக் கேளாமல் இரத்தம் உறையாமற் காக்கும் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தலாகாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை நான்கு. சுருக்கம் கழுத்திலா, மண்டைக்குள்ளா? இப்போது கண்ட தாக்குக்கு அதுதான் காரணமா? இந்த நிலையத்தில் இச்சிகிச்சை செய்தவர்களுள் முதல் மாதத்தில் தாக்குற்றவர் நூற்றுக்கு எத்தனை? மருந்தை முறைப்படி முழுமையாக உண்டு பார்த்தாயிற்றா? நல்ல டாக்டர் இக்கேள்விகளால் கோபங்கொள்ளமாட்டார்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மேற்சொன்ன நிதானமெல்லாம் நாட்பட்ட சுருக்கத்துக்கே. திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்தாலோ அது வேறு விஷயம். பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அதுதான் முன்னெச்சரிக்கைத் தாக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் சிகிச்சையும் நேரத்தோடு பந்தயம் ஓடுவதே. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. இரத்தக் கசிவாயிருந்தால் அது கேடாகும். தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி உங்கள் குடியிருப்புக்கு அருகில் எது என்பதை இன்றே விசாரித்து, அதன் பெயரை மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.