ஊசிக்கும் குவளைக்கும் மார்க்கத்தின் முத்திரை எதற்கு?



அண்மைக் காலமாக நம் சமுதாயத்தில் ஒரு போக்கு வேரூன்றி வருகிறது. சீன மருத்துவத்தின் சில முறைகளைக் குறுகிய காலப் பயிற்சியில் கற்றவர்கள் 'ஹீலர்' என்று பெயர் சூட்டிக்கொள்கின்றனர். அக்குபங்சரோடு ஹிஜாமாவையும் சேர்த்து, அனைத்திற்கும் 'நபிவழி மருத்துவம்' என்று பலகை மாட்டுகின்றனர். மாத்திரைகளை நிறுத்திவிடுமாறு நோயாளிக்கு அறிவுரை கூறுகின்றனர். தயங்குவோரிடம், "அல்லாஹ்வின் மீது தவக்குல் இல்லையா?" என்று கேட்கின்றனர். இந்தக் கேள்வியையே நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முதலில் சீன மருத்துவம் யாதென அறிவோம். மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செலுத்துவது அக்குபங்சர். மாசிபத்திரி இனத்து மூலிகையை உலர்த்திப் பற்றவைத்து, அப்புள்ளிகளுக்குச் சூடு காட்டுவது மற்றொரு முறை. குவளையைத் தீயால் சூடாக்கித் தோலில் கவிழ்த்து, தோலை மேலிழுக்கச் செய்வது குவளை வைத்தியம். இவற்றோடு மூலிகைக் கஷாயங்களும், 'துய்னா' எனும் பிடித்துவிடும் முறையும் உண்டு. 'சீ' எனும் உயிராற்றல் உடலின் தடங்களில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் வருகிறது என்பதே இவற்றின் அடிப்படைக் கொள்கை.

இவை முற்றிலும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. நாள்பட்ட இடுப்புவலியுடைய 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. அக்குபங்சர் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நிவாரணம் கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் கால்பங்கினரே கண்டனர். ஆனால் அதே ஆய்வில், உரிய புள்ளிகளை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு நிவாரணம் கிடைத்தது. வலிக்கு ஆறுதல் உண்டு; புள்ளிகளின் மகிமை நிறுவப்படவில்லை. நேர்மையானவர் இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

மூலிகையின் கதையும் அத்தகையதே. மலேரியாவுக்குப் பழஞ்சீன நூலொன்றில் கண்ட குறிப்பைக் கொண்டு, து யூயூ எனும் அம்மையார் ஆர்ட்டெமிசினின் மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழமையானது என்பதற்காக அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. பலமுறை சோதித்தார், தம் உடலிலேயே உட்கொண்டு பார்த்தார், அதன் பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

"இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்போர் பெல்ஜியத்தில் நடந்ததை அறியட்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஒரு மூலிகைக்குப் பதிலாக நம் ஈசுவர மூலி இனத்தைச் சேர்ந்த வேறொன்று கலந்துவிட்டதே காரணம். அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மண்ணில் முளைத்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இதனினும் கொடியது, இன்சுலினை நிறுத்தச் சொல்வது. முதல் வகைச் சர்க்கரை நோய் கண்ட குழந்தையின் உடலில் இன்சுலின் சுரப்பதே அநேகமாக நின்றுவிடுகிறது. 1922இல் மனிதருக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, அத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மரித்தனர். அக்குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் பெருகி உயிர் பிரியும். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதற்கு ஈடாகாது. சீனாவிலேயே இம்மருத்துவத்திற்கு ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு உண்டு. உடற்கூறும் நவீன மருத்துவமும் அதில் பாடங்கள். அங்குள்ள சீன மருத்துவமனைகளில் இரத்தப் பரிசோதனை நடக்கிறது, இன்சுலினும் கொடுக்கப்படுகிறது. அம்மருத்துவத்தின் சொந்தக்காரர்களே செய்யாததை, சில வாரங்கள் கற்றவர் நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யத் துணிவது எத்தகைய அறிவீனம்!

இனி மார்க்கத்தின் பெயரால் எழும் வாதங்களுக்கு வருவோம். ஹிஜாமா ஹதீஸ்களில் வந்துள்ளது; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஹிஜாமாவின் சிறப்பைச் சீன ஊசிக்கு மாற்றிக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. சீனரின் குவளை வைத்தியம் பெரும்பாலும் கீறலின்றிச் செய்யப்படுவது. ஹிஜாமா கீறி இரத்தம் எடுப்பது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவருக்கும் இரத்தசோகை உள்ளவருக்கும் அது ஆபத்தாகலாம். ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். சுன்னத் என்ற சொல் கத்தியைச் சுத்தமாக்கிவிடாது.

தவக்குலைப் பொறுத்தவரை, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உபை இப்னு கஅப் (ரலி) நோயுற்றபோது அவரிடம் மருத்துவரை அனுப்பினார்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. 'நபிவழி' என்று பலகை மாட்டுவோர், இந்த நபிமொழியையும் அதே பலகையில் எழுதுவார்களா?

உட்கொள்ளும் மருந்திலும் எச்சரிக்கை தேவை. சீன மருந்துக் கடைகளில் புகழ்பெற்ற 'அஜியாவோ' என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நாட்டுக் கழுதையின் இறைச்சியைக் கைபரில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டறிந்து, ஐயமிருந்தால் ஆலிமை அணுகுங்கள்.

சகோதரர்களே, முதுகுவலிக்கு அக்குபங்சர் செய்துகொள்வதை எவரும் தடுக்கவில்லை. எங்கே, எத்தனை ஆண்டுகள் கற்றீர்கள் என்று கேளுங்கள். ஊசி புதிதா என்று பாருங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்பவர் குர்ஆன் வசனத்தை ஓதிக்கொண்டே சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் கணக்கு நம்மிடம் கேட்கப்படும்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் தெளிந்த அறிவையும் வழங்குவானாக. ஆமீன்.