எல்லாக் காரிலும் ஒரு பாராங்

நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஒரு செய்தி உண்டு. தேதியும் ஊரும் மட்டும் மாறும். சந்தேகத்துக்குரிய காரைப் போலீஸ் நிறுத்தச் சொன்னது, கார் நிற்கவில்லை, துரத்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள் அல்லது பாராங்கோடு பாய்ந்தார்கள், தற்காப்புக்காகப் போலீஸ் திருப்பிச் சுட்டது, எல்லோரும் அங்கேயே பலி. கடைசிப் பத்தியில் செத்தவர்களின் பழைய குற்றப் பதிவுகள், எண்ணிக்கையோடு. அந்தச் செய்தியில் உயிர் பிழைத்து வேறு கதை சொன்னவன் என்று ஒருத்தனைப் பார்ப்பது அபூர்வம்.

ஷா ஆலமில் ஒருமுறை ஒருத்தன் பிழைத்தான். அமினுல்ராஷிட் அம்சா வழக்கு நமக்குத் தெரியவந்ததே அதனால்தான்.

2010 ஏப்ரல் 26, நடுநிசி தாண்டிய நேரம், செக்‌ஷன் 11. மூன்றாம் படிவ மாணவன், அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். போலீஸ் துரத்தியது. தானியங்கித் துப்பாக்கியிலிருந்து 20க்கும் மேற்பட்ட குண்டுகள். ஒன்று அவன் பின்மண்டையில் பாய்ந்தது. கார் பின்னால் வந்து போலீசை மோதப் பார்த்தது, உள்ளே பாராங் இருந்தது என்றுதான் முதலில் சொன்னார்கள். கூட இருந்த நண்பன் தப்பித்து வேறு கதை சொன்னான். நாடே கொதித்தது. இரண்டு வாரத்தில் ஒரு கார்ப்பரல்மீது தண்டனைச் சட்டம் 304(a) பிரிவில் குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார். சட்டப்படி அவர் நிரபராதி, அதில் எனக்கு வாதம் இல்லை. நான் பேச வந்தது தீர்ப்பைப் பற்றி அல்ல. அந்த நண்பனும் காருக்குள்ளேயே செத்திருந்தால் வழக்கு என்று ஒன்று இருந்திருக்குமா?

பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எஞ்சினியராக இருக்கிறேன். ஆலையில் ஸ்டெரிலைசர் கதவு பிய்த்துக்கொண்டு ஓர் ஆள் செத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உடனே ஜேகேகேபி-க்குத் தகவல் போக வேண்டும். அடிபட்டவரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர அந்த இடத்தில் யாரும் எதையும் நகர்த்தக்கூடாது, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. விசாரிக்க வருகிறவர் ஆலையின் சம்பளத்தில் இருப்பவர் அல்ல. "அந்த ஆளே கவனக்குறைவா இருந்தான் சார்" என்று நான் சொன்னால் அது ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். அது விசாரணை முடிவு ஆகாது.

துப்பாக்கிக்கு மட்டும் கதை வேறு. சுட்டது போலீஸ், தோட்டா உறையைப் பொறுக்குவது போலீஸ், நிருபர்களைக் கூட்டிப் பேசுவதும் போலீஸ். வழக்கு பெரும்பாலும் 307ஆம் பிரிவில் திறக்கப்படும். 307 என்றால் கொலை முயற்சி. யார், யாரைக் கொல்ல முயன்றது? செத்தவன், போலீசை. பிணம் சந்தேக நபர், சுட்டவர் புகார்தாரர். இப்படி ஒரு விபத்து அறிக்கையை நான் எழுதிக்கொண்டு போனால் எங்கள் மேனேஜர் முகத்திலேயே வீசுவார்.

லாக்கப்பில் ஒருவர் இறந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334ஆம் பிரிவின்படி மரண விசாரணை கட்டாயம். ரோட்டில் சுட்டால் அந்தப் பிரிவு பொருந்தாது, ஏனென்றால் அவர் இன்னும் 'காவலில்' இல்லையாம். ஒருத்தனுக்கு விலங்கு மாட்டிவிட்டால் அவன் சாவைப் பற்றி நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். மாட்டுவதற்கு முன்னாலேயே சுட்டுவிட்டால் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்து ஆராங் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா தாண்டிப் போனால் வரும் பழைய நிலக்கரி ஊர். 2020 ஜூலையில் அங்கே மூன்று இந்திய ஆடவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே செய்தி, அதே தற்காப்பு. குடும்பங்கள் விடவில்லை. மரண விசாரணை நடந்தது. போலீஸ் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறது என்று 2023இல் ஷா ஆலம் மரண விசாரணை நீதிமன்றம் முடிவு சொன்னது. பத்திரிகையில் முதல்நாள் வந்த கதை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் மரண விசாரணை முடிவு தண்டனை அல்ல. குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பது சட்டத்துறைத் தலைவர் கையில்.

"அப்போ ஆயுதத்தோட வர்றவனைப் போலீஸ் கும்பிட்டு வரவேற்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். உண்மையிலேயே அவன் சுட்டிருந்தால், குண்டு பாய்ந்த கோணமும் தோட்டா உறைகளும் அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுப் போகும். நேர்மையாகச் சுட்ட போலீஸ்காரருக்குத்தான் அந்த விசாரணை அதிகம் உதவும்.

எனக்கு அரசாங்கத்தைவிட நம் ஆட்கள்மீதுதான் கோபம் அதிகம். மூன்று தமிழ்ப்பெயர்கள் செய்தியில் வந்ததும் கோயில் கமிட்டி வாட்சாப் குழுவில் கைதட்டல் பொம்மை விழுகிறது. "நல்லா வேணும்", "ஒரு கேஸ் குறைஞ்சுது". 2009இல் தைப்பான் போலீஸ் நிலையத்தில் குகன் செத்தபோதும் "கார் திருடுனவன்தானே" என்ற குரல் இருந்தது. உறவினர்கள் சவக்கிடங்குக்குள் புகுந்து அவன் உடம்பைப் படம் பிடித்திராவிட்டால் அந்தக் குரலே ஜெயித்திருக்கும். 2013இல் உயர்நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு 8,01,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. கைதட்டியவர்கள் யாராவது அந்தத் தீர்ப்பைப் படித்தார்களா? தோட்டம் மூடி, டவுன் ஓர மலிவு வீடுகளுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர் கும்பலில் சேர்ந்தது உண்மை. அவர்களால் நமக்கு வந்த அவமானத்தைப் போலீஸ் தோட்டா துடைத்துவிடும் என்று நினைக்கிறோம். அதே ரோட்டில் நாளைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து நம் தம்பி வரும்போது அவன் தோலின் நிறமும் அதேதான்.

ஐபிசிசி வந்துவிட்டதே என்பார்கள். 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது இதையல்ல. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்த ஆணையத்தால் தானே ஒரு போலீஸ்காரரைத் தண்டிக்க முடியாது. போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகளுக்கு உட்பட்ட விஷயங்கள் அதன் வரம்புக்கே வெளியே. எப்போது சுடலாம் என்ற விதி அந்த நிலையாணைகளில்தான் இருக்கிறது. அதை நீங்களும் நானும் படிக்க முடியாது.

334ஆம் பிரிவில் ஒரு திருத்தம் போதும்: போலீஸ் துப்பாக்கியால் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் கட்டாய மரண விசாரணை, தடயம் சேகரிப்பது வெளி ஆட்கள். தேர்தல் நேரத்தில் எம்.பி. நம் பக்கம் வருவார். கோயிலுக்குக் கூரை கேட்போம், அவரும் கொடுப்பார். இந்த முறை கூரையோடு இதையும் எழுதிக் கொடுப்போம், கமிட்டி முத்திரை குத்தி.